பாலுக்குள் மறையும் எண்ணெய்

பாலில் நீர் கலப்பது மிகப் பழைய தொழில். அதைப் பற்றிச் சிரித்துப் பேசவும் நாம் பழகிவிட்டோம். பால்காரரையும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்துச் சொல்லாத விகடத் துணுக்குகள் தமிழில் குறைவு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கலப்படமோ வேறு வகையைச் சேர்ந்தது. பாலில் இயற்கையாக உள்ள கொழுப்பை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் விலை குறைந்த தாவர எண்ணெயை வைப்பது அது. நீர் கலப்பவன் பாலைக் குறைத்து விற்கிறான். எண்ணெய் கலப்பவன் பாலின் பெயரால் வேறொரு பொருளை விற்கிறான். முன்னவனைப் பிடிப்பது எளிது. பின்னவனைப் பிடிப்பதற்கு இரசாயனிகள் நூறாண்டுக்கு மேலாக முயன்று வருகின்றனர்.

இது நமக்கு அயலூர்ச் செய்தி அன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெங்களூரு மத்தியக் குற்றப்பிரிவுக் காவலர், சாமராஜப்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கைச் சோதனையிட்டு, கர்நாடகப் பால் கூட்டுறவுச் சம்மேளனத்தின் ‘நந்தினி’ என்னும் பெயரைத் தாங்கிய போலி நெய்யைக் கைப்பற்றினர். அதன் அளவு 8,000 லிட்டருக்கு மேற்பட்டது என்று அறிவித்தனர். நால்வர் கைதாயினர். பாமாயிலும் தேங்காயெண்ணெயும் கலந்து, தமிழ்நாட்டில் திருப்பூர்ப் பக்கத்தில் தயாரித்து, இங்கே கொணர்ந்து விற்றனர் என்பது காவலர் கூற்று. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அதனுள் நாம் புக வேண்டா. நம் கவனத்தை ஈர்ப்பது அந்த இரண்டு எண்ணெய்களின் பெயர்தான். கடலையெண்ணெய் இருக்க, நல்லெண்ணெய் இருக்க, ஏன் குறிப்பாகப் பாமாயிலும் தேங்காயெண்ணெயும்? இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பெங்களூரில் ஓசூர்ச் சாலை வழியாகச் செல்வோர் ஆடுகோடிப் பகுதியில் ஒரு பழைய நிறுவனத்தைக் காணலாம். 1923ஆம் ஆண்டு, கால்நடை வளர்ப்புக்கும் பால் தொழிலுக்குமான இம்பீரியல் நிறுவனமாகத் தொடங்கப்பெற்றது அது. 1927இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் இங்கே வந்து மாடு வளர்க்கும் முறைகளைக் கேட்டறிந்தார். பிற்காலத்தில் ஆனந்தில் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன், அமெரிக்கா செல்வதற்கு முன் சில மாதங்கள் பயிற்சி பெற்றதும் இங்கேதான். 1955இல் தலைமையிடம் வடக்கே கர்னாலுக்குச் சென்றது. பெங்களூரு நிலையம் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டலக் கிளையாக நிலைபெற்றது. பாலின் அளவைப் பெருக்குவதோடு, பால் பால்தானா என்று அறியும் வேலையும் இத்தகைய நிலையங்களுக்கு உண்டு.

இப்போது ஒரு கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலுக்குச் செல்வோம். விடியற்காலையில் பால் கொணர்வோருட் பலர் ஒன்றிரண்டு மாடுகளை வைத்திருக்கும் எளியோர். 2024ஆம் ஆண்டின் நடுவில் கர்நாடகச் சங்கங்களுக்கு நாளொன்றுக்கு வந்த பால் ஒரு கோடி லிட்டரை எட்டியது. அக்கடல் இத்தகைய சிறு தூக்குப் பாத்திரங்களால் நிரம்பியது. பாலுக்கு விலை, அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் கணக்கிட்டுத் தரப்படுகிறது. கொழுப்பை அளக்க நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை, ஸ்விட்சர்லாந்து நாட்டு இரசாயனியான கெர்பர் கண்டது. தனிவகைக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலம், 10.75 மில்லிலிட்டர் பால், 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால் ஆகியவற்றை இட்டுக் குலுக்கிச் சுழற்றினால், அமிலம் மற்றவற்றைக் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் பிரிந்து மேலே நிற்கும். குழாயின் கழுத்திலுள்ள கோடுகளைப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று படித்துவிடலாம். இன்று பல சங்கங்களில் மின்னணுக் கருவிகள் அந்த வேலையைச் சில நொடிகளில் செய்கின்றன.

இச்சோதனையின் பெருமையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கம் அன்று. கண்மதிப்பால் விலை பேசிய காலத்தில் ஏமாந்த குடியானவனுக்கு நியாயம் வழங்கியது கெர்பர் குழாயே. ஆயினும் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கொழுப்பு எவ்வளவு? அக்கொழுப்பு மாட்டின் மடியிலிருந்து வந்ததா, எண்ணெய்ச் செக்கிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. குழாயின் கழுத்தில் கடலையெண்ணெய் நின்றாலும் பாற்கொழுப்பு நின்றாலும் கோட்டின் கணக்கு ஒன்றே. பணம் கொழுப்பின் அளவுக்குக் கிடைக்கிறது. அளக்கும் கருவியோ கொழுப்பின் பிறப்பைப் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் கலப்படக்காரன் நுழைகிறான்.

பால்மானி உதவாதா என்று கேட்கலாம். பால்மானி அடர்த்தியைக் காட்டுவது. நல்ல பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.028 முதல் 1.032 வரை இருக்கும். நீர் சேர்த்தால் அது குறையும். கொழுப்பை எடுத்தால் கூடும். எண்ணெய் நீரைக் காட்டிலும் இலேசானது; ஆதலின் சேர்த்தால் அடர்த்தி குறையும். குறைந்ததை ஈடு செய்யக் கொழுப்பு நீக்கிய பால்தூள் இருக்கிறது. ஆகவே எண்ணும் கையுமாக இருக்கும் ஒருவன், பால்மானி, கெர்பர் குழாய் ஆகிய இரண்டுக்கும் ஏற்ற விடையைத் தயாரித்துக் கொடுத்துவிடலாம். வீட்டிலே பெரியோர் நகத்தின் மேலும் சாய்ந்த பலகையின் மேலும் ஒரு துளி விட்டுப் பார்ப்பதுண்டு. அதுவும் நீருக்கான சோதனையே. எண்ணெயைப் பற்றி அது வாய் திறவாது.

அவனுக்கு ஒரு தொல்லை மட்டும் உண்டு. எண்ணெய் பாலோடு ஒட்டாது, மேலே மிதக்கும். பாற்கொழுப்போ நுண்ணிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வு போர்த்து, பால் முழுதும் பரவி நிற்பது. எண்ணெயை அவ்வாறு சிதற வைக்கச் சிலர் சலவைப் பொடியைச் சேர்க்கின்றனர். உண்மையான தீங்கு அங்கே இருக்கிறது. பாமாயில் நஞ்சன்று, நம்மிற் பலர் அதில் பலகாரம் சுட்டு உண்கிறோம். ஐஸ்கிரீமைப் போலவே தோன்றும் சில பண்டங்கள் தாவரக் கொழுப்பினால் செய்யப்பட்டு, ‘ஃபுரோசன் டெசர்ட்’ என்று உறையில் அச்சிட்டு, சட்டத்துக்கு உட்பட்டே விற்கப்படுகின்றன. அதைப் படித்து வாங்குவதும் விடுவதும் நம் விருப்பம். பெயரை மறைத்து விற்பது வஞ்சனை. குழந்தை குடிக்கும் பாலில் சலவைப் பொருளைச் சேர்ப்பது அதனினும் கொடிது.

எனினும், நாளைக் காலை வாயிலில் வரும் பாலைக் கண்டு அஞ்ச வேண்டா. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. தாவர எண்ணெயும் சலவைப் பொருளும் உட்படப் பதின்மூன்று வகைக் கலப்படப் பொருள்களைத் தேடினர். உடலுக்குத் தீங்கான கலப்படம் இருந்த மாதிரிகள் பன்னிரண்டே. தீவனத்தில் பிடித்த பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு அதைவிடப் பன்மடங்கு மாதிரிகளில் காணப்பட்டது. அது தனியே ஒரு பேச்சுக்கு உரிய பொருள். நாம் இங்கே அறிய வேண்டுவது, எண்ணெய்க் கலப்படம் பாலைவிட நெய்யை நாடுகிறது என்பது. நெய்யில் நீர் இல்லை. ஆகவே எண்ணெயைச் சிதற வைக்கும் தொல்லையும் இல்லை. உருக்கிக் கலந்தால் வேலை முடிந்தது. விலையின் வேறுபாடும் மிகப் பெரிது. மணத்துக்கோ செயற்கைச் சாரங்கள் கடையில் கிடைக்கின்றன. வெண்ணெயைக் காய்ச்சி முருங்கைக்கீரை இட்டு இறக்கிய நெய்யின் மணத்தை அறிந்த மூக்குக்கூட இன்று சில வேளைகளில் ஏமாந்துவிடும்.

இனிக் கொழுப்பின் பிறப்பை அறியும் வழிகளைப் பார்ப்போம். பாலானால் முதலில் அதிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுப்பர். பிறகு பாலுக்கும் நெய்க்கும் சோதனை ஒன்றே.

அசைபோடும் பிராணிகளின் பாற்கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் என்ற ஒரு சிற்றமிலம் இருக்கிறது. நாம் உண்ணும் தாவர எண்ணெய்களில் அது இல்லை. பசுவின் பெரிய இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்து உண்டாக்கும் பொருள்களிலிருந்து, மடி இந்த அமிலத்தை ஆக்கிக்கொள்கிறது. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் இதனுடையதே. இது ஆவியாகும், நீரிலும் கரையும். ஆதலின் ஐந்து கிராம் கொழுப்பைச் சோப்பாக்கி, அமிலமிட்டு, காய்ச்சி வடித்தால் இவ்வகை அமிலங்களைத் தனியே பிடித்து அளந்துவிடலாம். அவ்வாறு கிடைக்கும் எண்ணுக்கு ரைக்கர்ட்–மைசல் எண் என்று பெயர். நல்ல நெய்யில் அது பெரும்பாலும் 24க்கு மேல் இருக்கும். 30ஐத் தாண்டுவதும் உண்டு. கடலையெண்ணெயில் ஒன்றுகூட இராது.

மற்றொரு வழி ஒளியைக் கொண்டு அறிவது. ஒளி ஒவ்வொரு கொழுப்புக்குள்ளும் ஒவ்வோர் அளவில் வளைகிறது. பியூட்டிரோ ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் கருவியில் ஒரு துளியை இட்டு, 40 பாகை வெப்பத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துப் படித்துவிடலாம். நெய்க்கு 40 முதல் 44 வரை வரும். கடலையெண்ணெய்க்கு 54க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 58க்கு மேல். தேங்காயெண்ணெய்க்கோ 34, 35 அளவே.

நேயர்கள் இந்த எண்களைச் சற்றே நினைவிற் கொள்ள வேண்டும். சாமராஜப்பேட்டை வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. கடலையெண்ணெயை மிகுதியாகச் சேர்த்தால் கருவியின் எண் மேலே ஓடிவிடும். தேங்காயெண்ணெயை மட்டும் சேர்த்தால் கீழே இறங்கிவிடும். பாமாயிலின் தெளிந்த பகுதி 44க்கும் 52க்கும் இடையில் நிற்பது. ஒன்று மேலே இழுக்க, ஒன்று கீழே இழுக்க, சராசரி நெய்யின் இருப்பிடத்திலேயே வந்து அமர்கிறது. தேங்காயெண்ணெயில் ஆவியாகும் அமிலங்கள் சிறிது இருப்பதால் ரைக்கர்ட்–மைசல் எண்ணும் மற்ற எண்ணெய்களைப் போல் அடியோடு வீழ்வதில்லை. மேலும் பாமாயில் உறைவதும் மணலாவதும் ஓரளவு நெய்யைப் போலவே இருக்கும். இரசாயனம் கற்றவரின் யோசனை இதன் பின்னே இருக்குமோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

ஆனால் தேங்காயெண்ணெயும் தடயம் விட்டே செல்கிறது. ஆவியாகும், ஆனால் நீரில் கரையாத அமிலங்கள் அதில் மிகுதி. அவற்றை அளப்பது போலென்ஸ்கே எண். நெய்யில் அது ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவில் இருக்கும். தேங்காயெண்ணெயில் 13க்குக் குறையாது. ஆகவே ஒரு கதவை அடைத்தால் மறு கதவு திறந்துகொள்கிறது.

பெரிய துன்பம் எங்கே எனில், பசுவின் கொழுப்பே ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒளிக்கருவியில் 41 காட்டும் நல்ல நெய்யில் ஐந்தில் ஒரு பங்கு, 55 காட்டும் கடலையெண்ணெயைச் சேர்த்ததாகக் கொள்வோம். விடை 43.8. விதித்த வரம்பு 44, தேறிவிட்டது! அந்நெய்யின் ரைக்கர்ட்–மைசல் எண் முதலில் 32 ஆக இருந்தால் கலந்தபின் 25க்குச் சற்று மேலே நிற்கும். 24 என்ற வரம்பில் அதுவும் தேறிவிட்டது. நன்கு பேணப்பட்ட பசுவின் சிறப்பே திருடனுக்கு மறைவிடம் ஆகிறது. வரம்பை உயர்த்திவிடலாமே எனில், பருத்திக்கொட்டை தின்னும் மாடுகளின் நெய்யில் அந்த எண் இயல்பாகவே குறைந்திருக்கும். அதனாலேயே பருத்தி விளையும் பிரதேசங்களுக்குக் குறைந்த வரம்பை முன்னர்ச் சட்டம் தனியே வகுத்திருந்தது. வரம்பை உயர்த்தினால் அவ்வூர்க் குடியானவன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவான்.

அளவைக் கொண்டு பிடிக்க இயலாதபோது அடையாளத்தைக் கொண்டு பிடிக்க முயன்றனர். இதில் நம் நல்லெண்ணெய்க்கு ஒரு பெரும் பங்கு உண்டு. 1869இல் பிரான்சு நாட்டில் மெஷ்–மூரியே என்பவர் வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரைனைக் கண்டார். விரைவில் அது வெண்ணெய்க்குள்ளேயே புகுந்தது. எள்ளெண்ணெயில் உள்ள ஒரு பொருள், சர்க்கரையோடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் சேர்ந்தால் செந்நிறம் தரும் என்பது பௌடோயின் என்பவர் பெயரால் வழங்கும் சோதனை. ஜெர்மானியர் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தால், மார்கரைன் செய்வோர் அனைவரும் அதில் எள்ளெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதித்தனர். உண்போர் நாவுக்கு அது தெரியாது. வெண்ணெயில் மார்கரைன் கலந்தால் சோதனைக் குழாய் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

நம் நாட்டில் வனஸ்பதி பெருகியபோது இதே வழக்கு எழுந்தது. வனஸ்பதியை நெய்யென்று விற்பதைக் காந்தியடிகள் கண்டித்து எழுதினார். அதற்கு நிறமூட்டிவிட வேண்டும் என்று பலர் கோரினர். காய்ச்சினாலும் வடித்தாலும் நீங்காத, உடலுக்குத் தீங்கற்ற, கண்ணுக்கும் வெறுப்பளிக்காத நிறம் ஒன்று எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே நல்லெண்ணெயையே ஒற்றனாக அனுப்பினர். வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்னும் விதி இன்றைய தர நிர்ணயங்களிலும் தொடர்கிறது. நம் அடுப்பங்கரையில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எடுத்து வைத்த பொருள், சட்டத்தின் சாட்சியாகவும் பணிபுரிகிறது என்பதை இல்லத்தரசிகள் அறிந்தால் மகிழ்வர்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட எளிய சோதனைகளில் இதுவும் ஒன்று. சோதனைக் குழாயில் 3 மில்லிலிட்டர் பால், அதில் 10 துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு தேக்கரண்டி சர்க்கரை; ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு நிறம் தோன்றினால் வனஸ்பதி உண்டு. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்து பார்க்கத் தக்கது. அமிலத்தைச் சிறுவர் கையில் கொடுத்தல் ஆகாது. மற்றொன்றையும் கூறியாக வேண்டும். இச்சோதனை தேடுவது நல்லெண்ணெயை. வேறு எதையும் அன்று. ஒற்றன் இல்லாத வெறும் பாமாயிலையோ தேங்காயெண்ணெயையோ கலந்தால் குழாய் சிவக்காது. நிறம் தோன்றவில்லையே என்று களிப்போர், வனஸ்பதி இல்லை என்று மட்டுமே களிக்கலாம். பாமாயிலையும் தேங்காயெண்ணெயையும் தெரிந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

தாவர எண்ணெய் எதுவாயினும் காட்டிக் கொடுக்கும் அடையாளம் ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது. விலங்குக் கொழுப்பில் இருப்பது கொலஸ்டிரால். தாவரக் கொழுப்பில் இருப்பது பீட்டா சிட்டோஸ்டெரால் முதலிய அதன் உறவினர்கள். பசு நாள் முழுதும் புல்லைத் தின்கிறது; புல்லில் சிட்டோஸ்டெரால் நிறைய உண்டு. எனினும் பசுவின் குடல் அதைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. ஆகவே நெய்யில் அது கண்டுகொள்ளத் தக்க அளவில் இருந்தால் வெளியிலிருந்து வந்ததே. முற்காலத்தில் இந்த ஸ்டெரால்களைப் பிரித்து, அசிட்டேட் ஆக்கி, படிகமாக்கி, அப்படிகம் உருகும் வெப்பநிலையைப் பார்த்தனர். கொலஸ்டிரால் அசிட்டேட் 115 பாகையை ஒட்டி உருகும். 117ஐக் கடந்தும் உருகாமல் நின்றால் தாவரத்தின் கலப்பு என்று தீர்த்தனர். ஒரு மாதிரிக்கு ஒரு முழு நாளும் தேர்ந்த கையும் வேண்டிய வேலை அது. இன்று வாயு நிறப்பிரிகைக் கருவி அதனைப் பன்மடங்கு நுட்பமாகச் செய்கிறது. ஆனால் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் இச்சோதனை பேசாது. அவையும் கொலஸ்டிரால் உடையவையே.

அவற்றையும் பிடிப்பதற்கு இக்காலத்தில் டிரைகிளிசரைடுகள் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் முழு அமைப்பையும் அளந்து, கணித வாய்பாடுகளில் இட்டு, சில எண்களைக் காண்கின்றனர். தூய பாற்கொழுப்பானால் அவ்வெண்கள் நூற்றைச் சுற்றியே நிற்க வேண்டும். 2024ஆம் ஆண்டு திருப்பதி திருமலை தேவஸ்தானத்துக்கு வந்த நெய்யைப் பற்றி நாடெங்கும் எழுந்த விவாதத்தில் அடிபட்டவை இந்த எண்களே. ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரிய ஆய்வுக்கூடம் தன் அறிக்கையில், எண்கள் வரம்பைக் கடந்திருப்பதால் அந்நியக் கொழுப்புக்கு இடமுண்டு என்று கூறியது. எச்சூழ்நிலைகளில் இம்முறை தவறாகவும் காட்டக்கூடும் என்பதையும் அதே அறிக்கை குறித்திருந்தது. பசு பட்டினி கிடந்தாலும், எண்ணெய் மிகுந்த தீவனம் தின்றாலும், தூய பாலே கலப்படம் போலத் தோன்றக்கூடும். செய்திகளில் முதற்பகுதி பரவிய வேகத்தில் இரண்டாம் பகுதி பரவவில்லை. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழு ஒன்றை நியமித்தது.

பட்டினி கிடந்த பசு என்பது நமக்கு நூற்செய்தி அன்று. மழை பொய்த்த ஆண்டில் கோலாரிலும் தருமபுரியிலும் எத்தனை மாடுகள் வற்றிய வைக்கோலைத் தின்று நிற்கின்றன! உடலிலுள்ள கொழுப்பைக் கரைத்துப் பால் சுரக்கும்போது அப்பாலின் கொழுப்பு வேறாகத்தான் இருக்கும். அந்தப் பாலைக் கொணரும் கிழவியிடம், ‘உன் பாலில் எண்ணெய் இருக்கிறது’ என்று ஒரு கருவியை மட்டும் நம்பிக் கூறுவது எவ்வளவு அநியாயம்! கலப்படத்தைத் தேடுவோர் ஒரு சோதனையோடு நிற்காமல், ஒளிக்கருவி, ஆவியாகும் அமிலம், ஸ்டெரால் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதற்கு இதுவே காரணம். உருகிய நெய் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்கும் செலவற்ற முறைகளையும் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்திருக்கின்றனர். பெரிய கருவிகள் இல்லாத இடங்களில் முதல் வடிகட்டியாக இவை பயன்படும். தீர்ப்பளிக்க இவை போதா.

நுகர்வோராகிய நாம் செய்யக்கூடியது என்ன? 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நாற்பதாம் பிரிவு பலரும் அறியாதது. வாங்கிய பொருளில் ஐயம் கொண்டவர் எவரும், அதிகாரி வரும்வரை காத்திராமல், உரிய கட்டணம் செலுத்தி அரசாங்க உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதனைச் சோதிக்கச் செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு: வாங்கும்போதே, ‘இதனைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அச்சொல்லைக் கேட்ட கடைக்காரர் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதும் ஒருவகைச் சோதனையே. ஆனால் அதனைப் பகுப்பாய்வாளர் ஏற்கமாட்டார்.

அதிகாரி எடுக்கும் மாதிரி நான்கு பகுதிகளாக்கி முத்திரையிடப்படும். ஒரு பகுதி பகுப்பாய்வாளரிடம் செல்ல, எஞ்சியவை பத்திரமாக வைக்கப்படும். விற்றவரும், தம் செலவில், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பகுதியை அனுப்புமாறு கேட்கலாம். பகுப்பாய்வாளர் கூற்றை ஏற்காவிடில் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது மாதிரி மேலாய்வுக் கூடத்துக்குச் செல்லும். அத்தகைய கூடங்களுள் ஒன்று பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில், மைசூரில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. முத்திரையிட்ட அப்புட்டியில் கிழவியின் பாலும் இருக்கலாம், கிடங்குக்காரனின் நெய்யும் இருக்கலாம். அங்கே இரண்டுக்கும் சோதனை ஒன்றே.